மெட்ராஸுக்கே ஐஸ் அனுப்பி ஜெயிச்சவர்... ஆரஞ்சுப் பழத்திடம் தோத்த கதை!

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பர்யச் சின்னம் அந்தஸ்து கிடைச்சாச்சு. ராஜகிரி உச்சியில நின்னு ரீல்ஸ் எடுக்குறதெல்லாம் ஓகே. மலையை விட்டு இறங்கினதும் ஊருக்குள்ள மீனும் காய்கறியும் விக்கிற பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. அங்கே ரெண்டு விதமான பெட்டிகள் இருக்கும்.

ஒண்ணு, மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி. கடல் இங்கிருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வெயில்ல வர்றதால, உள்ளே ஐஸைக் கொட்டி, மூடியை இறுக்கி டேப் போட்டு ஒட்டியிருப்பாங்க. காத்து உள்ளே போகவே கூடாது. இன்னொண்ணு, தக்காளி வர்ற பிளாஸ்டிக் பெட்டி. அதுல நாலு பக்கமும் ஓட்டை. அடியிலயும் ஓட்டை. இங்கே காத்து போய்க்கிட்டே இருக்கணும்.

மீனுக்குக் காற்று எதிரி, தக்காளிக்குக் காற்று உயிர். இந்த ரெண்டு பெட்டிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் புரியாமல், சொத்தைத் தொலைத்து, ஜெயிலுக்குப் போய், அப்புறமும் உலகத்தின் ஐஸ் ராஜாவாக ஆன ஒருத்தர் இருக்கார். பெயர் ஃபிரெடரிக் டியூடர். அமெரிக்கர். சென்னைக்கு அவர் வந்ததே இல்லை. ஆனா, மெரினா பக்கத்தில் ஐஸ் ஹவுஸ்னு பஸ் ஸ்டாப்பும் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கே, அந்தப் பெயருக்குக் காரணம் அவர்தான்.

படிக்காத பிள்ளை

டியூடர் பிறந்தது 1783 செப்டம்பர் 4, போஸ்டன் நகரத்தில். அப்பா பெரிய வக்கீல். அண்ணன் தம்பிகள் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனாங்க. இவர் மட்டும் 13 வயசிலேயே பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிட்டார். வேட்டை, மீன் பிடிக்கிறது, தோட்டம்னு சுத்திக்கிட்டிருந்தார்.

17 வயசில் உடம்பு சரியில்லாத அண்ணன் ஜான் ஹென்றியைக் கூட்டிக்கிட்டு கியூபாவின் ஹவானாவுக்குக் கப்பலேறினார். கதகதப்பான ஊர், அண்ணன் தேறிடுவார்னு நம்பிக்கை. அங்கே அடிச்ச வெயில் ரெண்டு பேரையும் வாட்டி எடுத்துடுச்சு. திரும்பி வந்த கொஞ்ச நாளில், 1802-ல் அண்ணன் இறந்தும் போனார். சூடான நாட்டில் ஒரு நோயாளிக்குச் சில்லுன்னு ஒரு வாய் தண்ணி கிடைக்காதது எப்படியிருக்கும்னு அந்த வயசில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

டியூடர் குடும்பத்துக்குச் சொந்தமா பண்ணை இருந்தது. பனிக்காலத்தில் அங்கிருந்த குளம் உறைஞ்சுடும். அதை வெட்டி எடுத்து, நிலத்துக்கடியில் அறை கட்டிச் சேர்த்து வெச்சு, கோடையில் ஐஸ்கிரீம் சாப்பிடுவாங்க. வசதியான வீடுகளில் அது சாதாரணம். இந்த ஐஸைச் சூடான தேசங்களுக்குக் கப்பல்ல ஏத்தி வித்தா என்னன்னு 1805-ல் இன்னொரு அண்ணன் வில்லியமோட பேச்சு வந்தது. பேச்சோட விட்டிருக்கலாம். டியூடர் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சுட்டார்.

ஊரே சிரிச்சது. கப்பல்காரங்க யாரும் ஏத்திக்க மாட்டேன்னுட்டாங்க. ஐஸ் உருகி, கப்பலுக்குள்ளேயே தண்ணி ரொம்பினா என்ன ஆகிறது? அதனால 4,000 டாலருக்கு மேல கொடுத்து ஃபேவரிட் என்ற கப்பலையே விலைக்கு வாங்கினார். 1806 பிப்ரவரியில் அது கரீபியன் கடலில் இருக்கும் மார்டினிக் தீவுக்குக் கிளம்பியது. போஸ்டன் பத்திரிகை ஒண்ணு, இது ஜோக் இல்லைன்னு விளக்கம் கொடுத்துத்தான் அந்தச் செய்தியையே போட்டது.

மூணு வாரப் பயணம். ஐஸைச் சுத்தி வைக்கோல். ஆச்சர்யமா, நல்ல நிலைமையிலேயே போய்ச் சேர்ந்துடுச்சு. பிரச்னை கரையில்தான். அந்த ஊரில் ஐஸைச் சேர்த்து வைக்க ஓர் அறைகூட இல்லை. கப்பல்ல இருந்தே விக்க வேண்டியதாப் போச்சு. வாங்கினவங்களுக்கும் இதை என்ன பண்றதுன்னு தெரியல. ஒருத்தர் உச்சி வெயிலில் தூக்கிட்டுப் போய், வாசலில் ஒரு தட்டில் வெச்சுட்டு, கரையுதேன்னு புலம்பினார். இன்னொருத்தர் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டார். மூணாவது ஆள் உப்புக்குள்ள புதைச்சார். எப்படி வெச்சுக்கணும்னு டியூடர் நோட்டீஸ் அடிச்சுக் கொடுத்தும் இந்தக் கதி. அங்கிருந்த கேளிக்கைத் தோட்டம் ஒண்ணுக்கு ஐஸ்கிரீம் செஞ்சு கொடுத்துக் கொஞ்சம் காசு பார்த்தார். மத்தபடி ஆயிரக்கணக்கில் நஷ்டம்.

கடன், ஜெயில், கடிகாரம்

அடுத்து அமெரிக்க அரசாங்கமே 1807-ல் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் தடை போட்டது. அப்புறம் இங்கிலாந்தோட சண்டை. 1812-லும் 1813-லும் கடனைக் கட்ட முடியாம டியூடர் ஜெயிலுக்குள்ள போனார். 1815-ல் மறுபடியும் ஹவானாவுக்குக் கப்பலேறினப்போ, கடன் கொடுத்தவங்களுக்காகப் பிடிக்க வந்த அதிகாரிகளுக்குக் கண்ணாமூச்சி காட்டிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

ஆனா, இந்தத் தடவை ஒரு பாடம் கத்துக்கிட்டிருந்தார். ஐஸை எப்படிக் கொண்டு போறதுங்கிறதைவிட, போய் இறங்கின இடத்தில் எங்கே வைக்கிறதுங்கிறதுதான் பெரிய கேள்வி. ஹவானாவில் மரத்தால் ஓர் ஐஸ் அறை கட்டினார். வெளியே 25 அடிக்கு 25 அடி. உள்ளே போனா 19 அடிக்கு 19 அடிதான். அதாவது, சுவர் மட்டுமே 3 அடி. ரெட்டைச் சுவர் வெச்சு நடுவில் காப்புப் பொருள். 150 டன் பிடிக்கும்.

செஞ்சிக் கோட்டையில் நெல் கொட்டி வெச்ச களஞ்சியத்தைப் பார்த்திருப்பீங்க. வெளியே மண்டை பிளக்கிற வெயிலிலும் உள்ளே நுழைஞ்சா சட்டுன்னு ஒரு குளுமை. கனமான சுவர் வெயிலை உடனே உள்ளே விடாது. டியூடர் பிறக்கிறதுக்கு முன்னாடியே நம்ம ஊரில் இருந்த விஷயம்தான். ஆனா, அவர் அதைக் கணக்காவே போட்டுப் பார்த்தார். ஐஸ் அறை வாசலில் கையில் கடிகாரத்தோட நின்னு, மணிக்கு எவ்வளவு தண்ணி உருகி வெளியே வருதுன்னு அளந்தார். வைக்கோல் போட்டா எவ்வளவு, மரச்சீவல் போட்டா எவ்வளவு, கம்பளி போர்த்தினா எவ்வளவுன்னு மாத்தி மாத்திப் பார்த்தார். கடைசியில் தேறினது மரத்தூள். ரம்பப் பட்டறைகளில் ஆத்தில் கொட்டிக்கிட்டிருந்த குப்பை!

ஐஸ் அவ்வளவு சீக்கிரம் கரையாததுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு கிலோ ஐஸை வெறும் தண்ணியா மாத்த ஆகிற வெப்பத்தை வெச்சு, அதே அளவு சில்லுத் தண்ணியை 80 டிகிரி வரைக்கும் சுட வெச்சுடலாம். அவ்வளவு வெப்பத்தை விழுங்கிட்டுத்தான் அது உருகும். அந்த வெப்பம் உள்ளே வர்ற வழி ரெண்டு. ஒண்ணு, சூடான காத்து. இன்னொண்ணு, ஏற்கெனவே உருகி அடியில் தேங்குற தண்ணி. தண்ணியை வடிகட்டு, காத்தை அடை. இதுதான் டியூடர் கண்டுபிடிச்ச ஃபார்முலா. ஆரம்பத்தில் மூணில் ரெண்டு பங்கு கரைஞ்சு போய்க்கிட்டிருந்த சரக்கில், பிற்பாடு பத்தில் ஒரு பங்குகூடக் கரையலை.

நம்ம மீன் பெட்டி ரெடி!

அந்த ஒரு கப்பல் பழம்

கியூபாவுக்கு ஐஸ் கொண்டுபோற கப்பல் திரும்பி வரும்போது சும்மாதானே வருது, அதில் அந்த ஊர்ப் பழங்களை ஐஸ் போட்டு நியூயார்க்குக்குக் கொண்டுவந்தா என்ன? 1816-ல் டியூடருக்கு இப்படி ஒரு யோசனை. இன்னைக்கு யோசிச்சாலும் அட்டகாசமான ஐடியா. ஆரஞ்சு, எலுமிச்சை, வாழை, பேரி எல்லாம் ஏத்தினார். 15 டன் ஐஸ், 3 டன் வைக்கோல். கைக்காசு கிடையாது. 40 சதவிகித வட்டிக்கு 3,000 டாலர் கடன்.

ஒரு மாசப் பயணம். நியூயார்க்கில் திறந்து பார்த்தா, கிட்டத்தட்ட எல்லாமே அழுகல். பல ஆயிரம் டாலர் போச்சு.

காரணம் இன்னைக்கு நமக்குச் சுலபமாப் புரியும். மரத்தில் இருந்து பறிச்ச பிறகும் பழம் மூச்சு விடும். உள்ளே இருக்கிற சர்க்கரையை எரிச்சு, சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடும். ஆயிரக்கணக்கான பழங்களைக் குவிச்சு வெச்சா, அந்தக் குவியலே ஒரு சின்ன அடுப்பு மாதிரி. சில பழங்கள் எத்திலீன்னு ஒரு வாயுவையும் விடும். ஒண்ணு பழுத்தா பக்கத்தில் இருக்கிறதையும் பழுக்க வைக்கும். ஐஸ் பக்கத்தில் இருக்கிற பழம் உறைஞ்சே போகலாம், நடுவில் இருக்கிறது புழுங்கும். நனைஞ்ச வைக்கோல் பூஞ்சைக்கு மெத்தை. வாழைப்பழம் கேட்கவே வேணாம், ஃப்ரிட்ஜில் வெச்சு ரெண்டு நாள் கழிச்சு அதோட தோலைப் பாருங்க, தெரியும்.

சும்மா சில்லுன்னு ஒரு மூலையில் ஐஸ் இருந்தா போதாது. அந்தக் குளிர் ஒவ்வொரு பழத்தையும் தொட்டுட்டு, அதோட சூட்டையும் ஈரத்தையும் தூக்கிட்டு வெளியே போகணும். அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் காத்து. எந்தக் காத்தை அடைக்கக் கத்துக்கிட்டாரோ, அதே காத்து.

டியூடர் இதை எவ்வளவு தூரம் யோசிச்சார்னு சொல்ல முடியாது. ஆனா, இனி தன் வழி ஐஸ்தான்னு முடிவு பண்ணிட்டார். அது புத்திசாலித்தனம்னுதான் எனக்குத் தோணுது.

ஃப்ரீ ஐஸ் ஆஃபர்

அதுக்கப்புறம் கதை வேகமெடுக்குது. சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ்னு அமெரிக்காவின் தெற்கு நகரங்களில் ஐஸ் அறைகளைக் கட்டினார். மது விடுதிகளுக்கு முதல்ல ஃப்ரீயா ஐஸ் கொடுத்தார். சில்லுன்னு குடிச்சுப் பழகினவன் அப்புறம் சூடா குடிக்க மாட்டான்னு கணக்கு. இன்னைக்கு ஆப் கம்பெனிகள் முதல் மாசம் ஃப்ரீ கொடுக்கிற அதே டெக்னிக். போட்டிக்கு யாராவது வந்தா, விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கி, அவங்க சரக்கு கரையிற வரைக்கும் காத்திருப்பார். நல்ல மனுஷன்னு சொல்ல முடியாது. அவரோட வாடிக்கையாளர்களில் அடிமைகளை வெச்சுத் தோட்டம் நடத்தின முதலாளிகளும் இருந்தாங்க. அதைப் பத்தி அவர் பெருசா அலட்டிக்கிட்டதாவும் தெரியலை.

1820-களில் நத்தானியல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையைக் கொண்டுவந்தார். உறைஞ்ச குளத்து மேல உழுதா, ஒரே அளவில் சதுரச் சதுரமா கட்டிகள். வெட்டும் செலவு மூணில் ஒரு பங்காக் குறைஞ்சது. அதைவிட முக்கியமா, ஒரே அளவுக் கட்டிகளை இடைவெளி இல்லாம நெருக்கி அடுக்கலாம். இடுக்கு இல்லைன்னா காத்து இல்லை. காத்து இல்லைன்னா உருகல் கம்மி.

1833 மே மாசம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோட கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாசப் பயணம், நிலநடுக்கோட்டை ரெண்டு தடவை தாண்டணும். செப்டம்பரில் போய்ச் சேர்ந்தப்போ சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் சந்தோஷத்தில் சுங்க வரியையே தள்ளுபடி பண்ணி, ராத்திரியில் இறக்கவும் அனுமதி கொடுத்தாங்க. அமெரிக்காவில் இருந்து இந்தியா வர்ற கப்பல்களில் பெரிசா சரக்கு இருக்காது. கவிழாம இருக்கப் பாரத்துக்குக் கல்லைப் போட்டுக்கிட்டு வருவாங்க. அந்தக் கல்லுக்குப் பதிலா ஐஸ். அதனால வாடகையும் குறைச்சல்.

பெரிய லாபம் பார்த்திருக்க வேண்டிய ஆள். ஆனா, நடுவில் காபிக்கொட்டை சூதாட்டத்தில் இறங்கி, 2 லட்சம் டாலருக்கு மேல கடனாளி ஆகிட்டார். அந்தச் சமயத்தில்தான், 1834-ல், 50 வயசில், 19 வயசு யூஃபேமியா ஃபென்னோவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஆறு குழந்தைகள். கடனை அடைக்க ஏறத்தாழ 15 வருஷம் பிடிச்சது. அடைச்சது முக்கால்வாசி இந்தியாவுக்கு வந்த ஐஸ்தான்.

அந்த வரிசையில்தான் மெட்ராஸ். 1842-ல் கடற்கரையை ஒட்டி, வட்ட வடிவத்தில், கனமான சுவரோட ஓர் ஐஸ் கிடங்கு எழுந்தது. மெட்ராஸுக்கு அப்போ துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போடும். தென்னங்கயித்தால் பலகைகளைத் தைச்ச மசூலா படகுகளில்தான் எந்தச் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். போஸ்டன் பக்கத்துக் குளத்தில் ஜனவரியில் வெட்டின கட்டி, நம்ம ஊர்ப் படகோட்டிகளின் கையால் மெரினா மணலில் இறங்கின காட்சியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. குடிச்சவங்க என்னவோ வெள்ளைக்கார அதிகாரிகளும் பணக்காரங்களும்தான். இறக்கினவங்களுக்கு ஒரு துண்டாவது கிடைச்சிருக்கும்னு நம்புவோம்.

1846-47 பனிக்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டினாங்க. அந்தக் கரையில் ஒரு குடிசையில் தனியா வாழ்ந்துக்கிட்டிருந்த எழுத்தாளர் தோரோ அதைப் பார்த்துட்டு, தன் வால்டன் நூலில் மெட்ராஸ் பெயரையும் சேர்த்து எழுதினார்.

1850-களின் நடுவில் போஸ்டனில் இருந்து வருஷத்துக்கு லட்சம் டன்னுக்கு மேல ஐஸ் போய்க்கிட்டிருந்தது. டியூடர் நாஹன்ட் என்ற கடலோர ஊரில் செட்டில் ஆகி, மொட்டையா கிடந்த அந்த நிலத்தில் மரம் மரமா நட்டார். 1864 பிப்ரவரி 6-ல், 80 வயசில் இறந்தார்.

ரெண்டு பெட்டியும் ஒண்ணான இடம்

குளத்தில் இருந்து துறைமுகத்துக்கு ஐஸை இழுத்துட்டுப் போக 1841-லேயே போஸ்டன் பக்கத்தில் ஒரு ரயில் பாதை வந்துடுச்சு. ரயில் ஐஸைச் சுமந்தது. அதே ஐஸ் ரயிலுக்குள்ள உட்கார்ந்து சாப்பாட்டைக் காப்பாத்தினா? 1851-ல் நியூயார்க் மாநிலத்தில் வெண்ணெயை அப்படி ஐஸ் பெட்டியில் அனுப்பிப் பார்த்தாங்க. வெண்ணெய் மூச்சு விடாது, அதனால வேலை சுலபம். பழத்துக்கும் இறைச்சிக்கும் விடை வர இன்னும் பல வருஷம் ஆச்சு.

டியூடர் இறந்து மூணு வருஷம் கழிச்சு, 1867-ல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த சதர்லேண்ட் என்பவர் ஒரு ரயில் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். வெளிச்சுவர், காப்பு, உள்சுவர் எல்லாம் டியூடர் வழிதான். புதுசு என்னன்னா, பெட்டியின் ரெண்டு முனையிலும் ஐஸ் கூண்டு. ஐஸ் மேல படுற காத்து குளிர்ந்து கனமாகும். கனமான காத்து கீழே இறங்கும். சரக்குக்குள்ள புகுந்து, சூட்டை வாங்கிக்கிட்டு லேசாகி மேலே ஏறும். திரும்ப ஐஸ் கூண்டுக்கே போகும். மின்விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. காத்தோட எடைதான் இன்ஜின். தொங்குற மடிப்புப் பலகைகளை வெச்சு அந்த ஓட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

உடனே எல்லாம் சரியாகிடலை. 1868-ல் டேவிஸ் என்பவர் காப்புரிமை வாங்கின டிசைனில், இறைச்சியை உலோகக் கம்பியில் தொங்கவிட்டாங்க. ரயில் வளைவில் திரும்பும்போது அத்தனை எடையும் ஒரே பக்கம் ஊஞ்சலாடி, பெட்டியே தடம் புரண்டது! அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு, சிகாகோ இறைச்சி வியாபாரி ஸ்விஃப்ட்டுக்காக ஆண்ட்ரூ சேஸ் என்ற இன்ஜினீயர் ஐஸைக் கூரைக்குக் கீழே ஏத்தினார். சரக்கைக் கீழே நெருக்கி அடுக்கினார். குளிர் தானா மேலிருந்து இறங்கும், பெட்டியும் ஆடாது.

பிற்பாடு வந்த பெட்டிகளில் இன்னும் சின்னச் சின்ன நுணுக்கங்கள். தரைக்கு மேல சட்டம் அடிச்சு, அடியில் காத்து ஓட இடைவெளி. உருகின தண்ணி போற குழாயில், நம்ம வாஷ்பேசின் அடியில் இருக்கிற மாதிரி ஒரு வளைவு. தண்ணி வெளியே போகும், சூடான காத்து உள்ளே வராது. கூரை மேல ஐஸ் கொட்டுற மூடிகள். வெளியே குளிரான பகுதியில் ரயில் ஓடும்போது, அந்த மூடிகளைத் திறந்து முட்டுக் கொடுத்து வெச்சுடுவாங்க. ரயில் ஓடுற வேகத்திலேயே வெளிக்காத்து ஒரு முனையில் நுழைஞ்சு, பழம் விட்ட மூச்சைத் தூக்கிட்டு மறுமுனையில் வெளியேறும். வெயில் பகுதி வந்தா மூடிகளை இறுக்கி அடைச்சுடணும். தெர்மாகோல் பெட்டி, ஓட்டைப் பெட்டி ரெண்டும் ஒரே சக்கரத்து மேல!

1880-களில் கலிஃபோர்னியா ஆரஞ்சுகள் ரயில் ரயிலா அந்த நாட்டின் கிழக்குப் பக்கம் போக ஆரம்பிச்சது. டியூடரின் அழுகின ஆரஞ்சு நியூயார்க்கில் இறங்கி 70 வருஷம் ஆகியிருந்தது. செஞ்சிக்கு அந்தக் கவலையே இல்லை. திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு ரயில் வரும்னு 20 வருஷமாச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதுவரைக்கும் தக்காளிக்கு மினி லாரிதான்.

மெட்ராஸ் ஐஸ் கிடங்கு என்னாச்சு? 1870-களில் இங்கேயே நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும், அமெரிக்க ஐஸ் வியாபாரம் படுத்துடுச்சு. கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடா மாத்தினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். அப்புறம் சகோதரி சுப்புலட்சுமி அங்கே இளம் விதவைகளுக்கான விடுதி நடத்தினார். இன்னைக்கு அது விவேகானந்தர் இல்லம்.

ஐயங்கார் அந்த வீட்டில் நிம்மதியா குடியிருந்தாரான்னா, இல்லை. காத்தே உள்ளே வரக் கூடாதுன்னு கட்டின கட்டடமாச்சே! சுத்தி வராந்தா போட்டார். சுவரை உடைச்சு வரிசையா ஜன்னல் வெச்சார். அப்படியும் உள்ளே போதுமான காத்தோட்டம் இல்லாம புழுங்கிக்கிட்டேதான் இருந்தது.